சகலையின் எடை

“என் கை பட்ட தராசு பொய் சொல்லாது. என் மனசும் அப்படித்தான். எவனைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிஞ்சதில்ல.”

தராசுகளைப் பழுதுபார்க்கும் நம் கடைக்காரர் வாயால் இதைக் கேட்காமல் எந்த வாடிக்கையாளரும் அந்தக் கடைப்படி இறங்கியதில்லை.

மூன்று வருடமாக அவர் ஒரு திட்டம் தீட்டி வந்தார். ஆற்றில் ஒரு மணி நேரம் படகில் போனால் காட்டுக்குள் ஓர் அருவி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். எந்த மாதம் தண்ணீர் அதிகம், படகில் யார் எந்தப் பக்கம், மாமியாருக்குத் தலை துவட்ட எத்தனை துண்டு என்று நாற்பது பக்க நோட்டு நிரம்பியது. தேதி மட்டும் எழுதப்படவில்லை.

மச்சினியின் புருஷன், அதாவது சகலை, ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து ஒரே போனில் முடித்துவிட்டார். “ஞாயித்துக்கிழம போறோம். படகு சொல்லியாச்சு.”

“சித்தப்பான்னா சித்தப்பாதான்” என்றாள் கடைக்காரரின் மகள். மாமியார் சின்ன மாப்பிள்ளைக்கு இரண்டாவது டம்ளர் டீ ஊற்றினார். பெரிய மாப்பிள்ளையின் டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. நம்மவருக்குப் பொறாமை இல்லை. நெஞ்செரிச்சல்தான். மாத்திரை போட்டுக்கொண்டார்.

படகுக்காரர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: ஆறு பேரும் சேர்ந்து நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது. சனிக்கிழமை குடும்பமே கடைக்கு வந்து பெரிய தராசில் ஏறி இறங்கியது. நம்மவரையும் சேர்த்து ஐந்து பேர், முந்நூற்றுப் பதினைந்து. கடைசியாகச் சகலை ஏறினார். முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தும் திருகு தராசின் முதுகுப்பக்கம் இருக்கிறது. நம்மவர் கையும் அப்போது தற்செயலாக அங்கேதான் இருந்தது.

“தொண்ணூறு” என்று துக்க வீட்டுக் குரலில் அறிவித்தார். “அஞ்சு கிலோ கூடுது, சகல. நான் என்ன செய்ய, தராசு சொல்லுது.”

சகலை சிரித்தபடி இறங்கினார். “அக்கா சமையல விட முடியலையே. பரவால்ல, நான் கரையில இருக்கேன். உங்க நோட்டு இருக்கே, எல்லாம் நல்லா நடக்கும்.”

“சின்ன மாப்பிள்ள இல்லாம நான் எதுக்கு?” என்று மாமியார் செருப்பைத் தேடினார். மகளும் மச்சினியும் பின்னாலேயே நகர்ந்தார்கள்.

கடைக்காரரின் மனைவி மட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எட்டில் நின்றது.

“ஏங்க,” அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள், “இப்ப மேல யாரு நிக்கிறா?”

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குனிந்து, திருகை எட்டுக் கிலோ பின்னால் திருப்பினார்.

“சகல, இன்னொரு தடவ ஏறுங்க” என்றார். “தராசு பொய் சொல்லுது.”