மரதன் ஓட்டமும் அக்காவின் முழங்காலும்

பிள்ளைகள் ஓடியாடித் திரியவேண்டும் என்று கொழும்பிலே யாரோ ஒரு பெரியவருக்கு ஒரு நாள் தோன்றியிருக்கிறது. நல்ல மனுசராகத்தான் இருந்திருப்பார். நாட்டில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆனாலும் மாணவரின் உடல் உறுதியை வளர்ப்பது பற்றிய அவருடைய சுற்றறிக்கை, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் முன்னதாகவே மன்னார்த் தீவிலிருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. தினமும் காலையில் உடற்பயிற்சி, வருடத்துக்கு ஒரு மரதன் ஓட்டம். பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஓடவேண்டும். நோய், வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு.

எங்கள் வீட்டுச் சட்டம் வேறு. றோட்டில் ஓடக்கூடாது, மதிலில் ஏறக்கூடாது, எக்காரணம் கொண்டும் விழக்கூடாது. மற்றத் தாய்மார் பிள்ளைகளின் தலையில் பேன் பார்ப்பார்கள். அம்மா ஞாயிறு பூசைக்குப் புறப்படுமுன் அக்காவின் முழங்காலையும் முழங்கையையும் பார்ப்பாள். சுற்றிவளைப்பு வந்தால் இளம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆமிக்காரர் பார்ப்பதும் அதைத்தான். அங்கே உரசல் காயமோ தழும்போ இருந்தால், தரையில் ஊர்ந்து ஆயுதப் பயிற்சி எடுத்த ஆள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். அடுத்த தெருவில் சைக்கிளால் விழுந்த ஒரு அண்ணா அப்படித்தான் போனார், திரும்பி வரவில்லை. இதெல்லாம் நான் பிறகு விளங்கிக்கொண்டவை. அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு அழகான முழங்கால்களில் ஏதோ ஆசை என்று நினைத்திருந்தேன்.

அக்காவுக்கு ஓட்டம் என்றால் உயிர். வீட்டில் அடக்கி வைத்திருந்த கால்களுக்கு அரசாங்கமே அனுமதி கொடுத்துவிட்டதில் அவளைப் பிடிக்க முடியவில்லை. அம்மா விளையாட்டு ரீச்சரிடம் போய் மெல்லக் கேட்டாள்.

“ரீச்சர், இவளுக்கு இழுப்பு இருக்கெண்டு எழுதி விடுங்கோவன்.”

“இழுப்புக்காரியோ நேற்று முழுப் பள்ளிக்கூடத்தையும் முந்தி ஓடினவள்? பயப்பிடாதேங்கோ அம்மா. ஆமிப் பெரியவரிட்டையும் சொல்லித்தான் வைச்சிருக்கிறம்.”

ஓட்டம் பள்ளிக்கூட வாசலில் தொடங்கி, உப்புக்குளத்தைச் சுற்றி, திரும்ப வாசலில் முடியும். வாசலுக்குச் சற்று முன்னால் ஒரு சென்றி இருந்தது. மண்மூடைகள், மேலே தகரம், உள்ளே துவக்கோடு ஆமிக்காரர். சைக்கிளில் வருகிறவர்கள் அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு நடப்பார்கள். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். எல்லோருக்கும் வெகுதூரம் முன்னால் அக்கா வந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சென்றியைக் கண்டதும் அவள் ஓட்டத்தை நிறுத்தி, கைகளைத் தொங்கவிட்டு, நடக்கத் தொடங்கினாள். பின்னால் ஓடிவந்தவர்களும் அவளை நெருங்கியதும் நடந்தார்கள். ஒருவரும் ஒருவரை முந்தவில்லை. மாதாவின் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் வந்தவர்கள்போல அவ்வளவு ஒழுங்கு. “ஓடுங்கோ பிள்ளையள், ஓடுங்கோ!” என்று ரீச்சர் தொண்டை கிழியக் கத்தினார். சென்றியில் நின்ற இளம் ஆமிக்காரன்கூடச் சிரித்துக்கொண்டு, ஓடும்படி கையைக் காட்டினான். அவன் கை காட்டியதும் இன்னும் மெதுவாக நடந்தார்கள்.

மண்மூடைகளைக் கடந்த பிறகுதான் எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். தள்ளுமுள்ளுக்குள் அக்கா எப்படியோ முந்திக்கொண்டு முடிவுக் கோட்டைத் தாண்டினாள். தாண்டிய வேகத்தில் கிறவல் கற்களில் குப்புற விழுந்தாள். முழங்கால், முழங்கை ஒன்றும் தப்பவில்லை.

அதிபர் அந்த இடத்திலேயே வெற்றிக் கிண்ணத்தைக் கொடுத்தார். உள்ளங்கையும் உரிந்திருந்ததால் அக்கா அதை என்னிடம் தந்தாள். ரீச்சர் பஞ்சோடும் மருந்தோடும் ஓடிவர, அம்மா மறித்தாள்.

“கழுவாதேங்கோ ரீச்சர். இரத்தம் காய முன்னம் அவங்கள் பாக்கட்டும்.”

சென்றிப் பக்கம் தலை நிமிர்த்தியும் பார்க்காத அம்மா, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். நானும் பின்னால் ஓடினேன். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அக்காவின் சட்டையில் குத்தியிருந்த இலக்கத்தைக் காட்டினாள், பள்ளிக்கூட வாசலைக் காட்டினாள், காயங்களைக் காட்டினாள். “ரேஸ், ரேஸ்” என்று சொல்லி, ஓடி விழுவதுபோலத் தானே செய்தும் காட்டினாள். மகள் வென்றதை அம்மா இவ்வளவு பெருமையாகச் சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் பங்குக்கு, கிண்ணத்தை அக்காவின் முழங்காலுக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தேன். அந்த ஆமிக்காரன் குனிந்து நன்றாகப் பார்த்தான். பிறகு, “ஹரி அம்மே, ஹரி” என்றான். சரி என்பதற்கு அவர்கள் சொல்வது அது.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா விடுவிடென்று முன்னால் நடந்தாள்.

“அம்மா, நான் வெண்டனான்” என்றாள் அக்கா.

“ஓம் பிள்ளை. பாத்தனான்.”

முதலாவதாக வந்தவர் அடுத்த போட்டிக்கு நானாட்டானுக்குப் போகவேண்டும். தீவைவிட்டுப் பாலம் கடந்து, பெருநிலத்தில் வழிநெடுகச் சென்றிகள். அக்காவைக் கூட்டிப்போக ரீச்சர் வீட்டுக்கே வந்தார். அதற்குள் காயங்களில் பொருக்குக் கட்டியிருந்தது.

“பாலத்தடியில நிக்கிறவங்கள் இவள் விழுந்ததைக் காணேல்லையே, ரீச்சர்” என்றாள் அம்மா.

அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இவ்வளவு சின்ன விசயத்துக்கு எல்லோரும் ஏன் இப்படி இடிந்துபோய் இருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. உள்ளே ஓடிப்போய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அம்மாவிடம் நீட்டினேன்.

“இதைக் காட்டினால் விடுவாங்கள்தானே?”

அன்றைக்கு அந்த ஆமிக்காரன் குனிந்து பார்த்தது கிண்ணத்தை என்றுதான் நான் அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.