தொப்பூரில் ஒரு நோட்டா

ஓட்டுப் போடக் கோவையிலிருந்து ஊருக்குப் போகிறேன். தொப்பூர் டீக்கடையில் பஸ் நிற்கிறது. பக்கத்தில் இருப்பவரின் விரலில் புது மை. பூத்துக்குப் போகக் கழற்றிய கட்சிக்கரை வேட்டி மடியில் கிடக்கிறது. அதை அவர் திரும்பக் கட்டவில்லை. நானும் அந்தக் கட்சிதான் என்கிறேன்.

"நோட்டாவ அமுக்கிட்டனுங்க," என்கிறார் மெதுவாக. "எதிர்க்கட்சிக்காரங்க காலனி சனங்களோட சுடுகாட்டுப் பாதைய அடைச்சாங்க. மறுபடி நிக்கிற நம்ம எம்பி வாயே தொறக்கலைங்க."

"அடைச்சவங்க ஆளு ஜெயிச்சிட்டா?" என்கிறேன்.

அவர் டீயில் ஆடை படிகிறது. நானும் நோட்டாவை நினைத்துத்தான் கிளம்பியிருக்கிறேன்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். எழுந்த என் கையைப் பக்கத்தில் இருந்தவர் இறுகப் பிடித்துக்கொள்கிறார்.

"நீங்களாச்சும் நம்ம கட்சிக்கே போட்டுடுங்க சார்."