அண்ணனுக்கு வைத்த டியூசன்

எங்கள் வீட்டில் டெஸ்ட் என்றால் பாஸ் பண்ண வேண்டும், அவ்வளவுதான். அப்பா ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்தால்கூட அம்மா முதலில் கேட்பது “பாஸா?” என்றுதான்.

அண்ணனுக்கு அப்போது பதினைந்து வயது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். மனசு மட்டும் என்னைவிடச் சின்னப் பிள்ளை. நான் ஆரம்பப் பள்ளியில் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு டவுனில் ஒரு பயிற்சி வகுப்பு இருந்தது. வேன் வந்து ஏற்றிப் போகும். ரொட்டி சுடக் கற்றுத் தந்து, பிறகு வேலையிலும் சேர்த்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு மிஸ் வீட்டுக்கு வந்து, பையன் அன்றாடக் காரியங்களைத் தானாக எவ்வளவு செய்கிறான் என்று அளந்து பார்ப்பாராம். அந்த இடம் கிடைக்காவிட்டால் தங்கள் காலத்துக்குப் பிறகு இவன் கதி என்ன என்பதே அம்மாவுக்கு எந்நேரமும் கவலை.

“டெஸ்ட்டு வச்சுத்தான் எடுப்பாங்களாம். எப்படியாவது பாஸாக்கிடணும்,” என்றார் அம்மா.

புக்கிட் பெலிம்பிங் ஊரைத் தாண்டி இருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்தில் டியூசன் இல்லாமல் யாரும் எதிலும் பாஸானதில்லை. ஆகவே அண்ணனுக்கும் டியூசன். டீச்சர் நான்தான். அடேயப்பா, அந்த அதிகாரம் இருக்கிறதே! ரூலரும் கையுமாக நின்று, பாலில்லாத் தேநீரான தே-ஓ கலக்க வைத்தேன். சீனியா உப்பா என்று நக்கிப் பார்க்கச் சொன்னேன். தரை கூட்டினான், துண்டு மடித்தான், வீட்டு விலாசத்தைப் பாட்டு மாதிரி ஒப்பித்தான். எதைச் சொன்னாலும் “சரிங்க டீச்சர்” என்பான், கழுதை. பட்டன் மட்டும் அவன் விரலுக்கு வசப்படவே இல்லை. லோரி ஓட்டும் அப்பாதான் அதற்கு வழி சொன்னார்.

“டி-சர்ட்ட மாட்டிவிடுலா. பட்டன் இருந்தாத்தானே கேப்பாங்க.”

மிஸ் வந்தார். அண்ணன் கலக்கிக் கொடுத்த தே-ஓவைக் குடித்துவிட்டு, துண்டு மடிப்பதையும் பார்த்தார்.

“எப்பவுமே இவரேதான் செய்வாராம்மா?”

“எல்லாம் அவனேதான் மிஸ். நாங்க கையே வைக்கிறதில்ல.”

வீட்டுக்கு வந்தவர்களிடம் பிள்ளையின் குறையைச் சொல்லும் வழக்கம் எங்கள் லயத்து வீடுகளில் எந்தத் தாய்க்கும் கிடையாது.

மிஸ் பேனாவை மூடினார். “ரொம்ப சந்தோஷம்மா. தம்பி நல்லா சமாளிச்சுக்கிறாரு. அங்க இருக்கிறதே கொஞ்ச இடம். தானா சமாளிக்க முடியாத பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல குடுக்கணும்.”

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. “ஐயோ, இல்ல மிஸ், அவனுக்கு ஒண்ணும்…” என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவுக்கென்று இன்னொரு கிளாஸை ஏந்திக்கொண்டு அண்ணன் நின்றிருந்தான். சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வாயெல்லாம் பல்.

“அவருக்கு ஒண்ணும்…?” என்று கேட்டார் மிஸ்.

அம்மா கிளாஸை வாங்கிக்கொண்டார்.

“அவனுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல மிஸ். நல்லா செய்வான்.”

‘நல்லா சமாளிச்சுக்கிறாரு’ என்பது மட்டும்தான் என் காதில் ஏறியிருந்தது. மிஸ்ஸின் கார் கிளம்பியதும் நான் துள்ளிக் குதித்தேன். என் மாணவன் பாஸ்! காரணம் கேட்காமலே அண்ணனும் சேர்ந்து குதித்தான். அம்மாவின் கையில் தே-ஓ அப்படியே ஆறிப்போனது. சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, அண்ணனின் பள்ளிச் சட்டைக்கு வழக்கம்போல நான்தான் பட்டன் போட்டுவிட்டேன்.

“பெரிய பாஸு! இது தெரியல, வெக்கமா இல்ல?” என்று சீண்டினேன்.

அவன் சிரித்தான். அடுப்படியிலிருந்து வந்த அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சட்டென்று குனிந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பாஸானது அண்ணன்; என்னை எதற்குக் கட்டிக்கொள்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. “விடுங்கம்மா, பஸ்ஸு வந்துடும்,” என்று விலக்கிவிட்டு, அடுத்த பட்டனைப் போட ஆரம்பித்தேன்.