கன்னிக்கு வைத்த பட்டு

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் கீபோர்டு மெர்வினிடம் கேட்டுக்கொள்ளலாம். பாளையங்கோட்டைக்காரன், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரன், பேய் பிசாசை நம்பாதவன். அன்றைக்கு மேடையில் பாடகி தேன்மொழிக்கு நாலடி பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்தான்.

பொன்செல்வி இருபது வயதில் காய்ச்சலில் போனாள். பாடியது ஆறே ஆறு சினிமாப் பாட்டு. சுருதி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். செத்த மறுநாளே அது தெய்வக் குரலாகிவிட்டது! தச்சநல்லூர் ஆட்டோ முதுகிலெல்லாம் அவள் முகம். அவளைப் போலவே நெற்றி முடியைக் கத்தரித்துக்கொண்டு அலையும் பெண்கள். பெற்ற தாய்க்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காத தடிமாடுகள், அவள் நினைவு நாளில் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவார்கள்.

தேன்மொழி முறையாகச் சங்கீதம் படித்தவள். ஆனால் கோயில் திருவிழாவில், கொடைக்குக் கொடை, பொன்செல்வி மாதிரியே மூக்கால் பாடித்தான் அவளுக்குச் சோறு. வயிறு எரியாதா? சொந்தமாக ஒரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். பல்லவி, ஒரு சரணம், அவ்வளவுதான். அன்று காலை வேனில்தான் மெர்வினுக்கே பாடிக்காட்டினாள். இன்றைக்காவது தன்னைத் தானாக நாலு பேர் கேட்கவேண்டும் என்று இருந்தாள்.

கச்சேரி பாபநாசம் பக்கம், பொன்செல்வியின் சொந்த ஊரில். அவளுக்கே மத்தியானக் கொடை. கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியாகக் கும்பிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். ஓலைப்பெட்டியில் புதுப் பட்டுப் பாவாடை, ரவிக்கை, தாவணி வைத்துப் படைப்பார்கள். படைத்து முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது.

வேன் கதவில் மாட்டித் தேன்மொழியின் தாவணி கிழிந்தது. நேரே போய்ப் பெட்டியைத் திறந்தாள்.

"அக்கா, வேண்டாம். கன்னிக்கு வச்சதுக்கா" என்றான் மெர்வின்.

"சரிகமபதநி தெரியாதவளுக்குப் பட்டு ஒரு கேடாலே?"

உடுத்தினாள். ரவிக்கை அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. புதுத் துணிதான்... ஆனால் உள்ளே ஈரமாக இருந்தது. சுட்டது.

உச்சி வெயில். தன் பாட்டைத்தான் எடுத்தாள்; பல்லவி நன்றாகத்தான் போயிற்று. சரணமும். முன்வரிசைப் பிள்ளைகள் மட்டும் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சற்று இடப்பக்கமாகப் பார்த்தார்கள்.

சரணம் முடிந்தது. வாயை மூடப் பார்த்தாள்.

மூடவில்லை.

இரண்டாவது சரணம் வந்தது... அவள் எழுதாத சரணம்.

மூக்கால் வந்தது.

கீழே பொன்செல்வியின் அம்மா மாரித்தாய். உதடு அசைந்தது.

வார்த்தைக்கு வார்த்தை... கூடவே.

பாட்டு நின்றதும் தடிமாடுகள் "பொன்செல்வி! பொன்செல்வி!" என்று கத்தின. தேன்மொழியை ஒருத்தனும் கேட்கவில்லை. அவள் இறங்கி ஓடி மாரித்தாயின் கையைப் பிடித்தாள்.

"இது எம்பாட்டு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒம்பாட்டா? ஆஸ்பத்திரில கெடக்கையில எம்மவ கட்டுனதுல்லா, தாயி. என்னத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. மூணாவது சரணத்தப் பாடி முடிச்சா... கண்ண மூடிட்டா."

தேன்மொழி அதற்குப் பிறகு மேடையேறவில்லை. பட்டை அன்றைக்கே கழற்றிக் கொடுத்தாயிற்று. ஆனாலும் தூக்கத்தில் பாடுகிறாள் என்று அவள் வீட்டில் அழுதார்கள்.

நேற்று மெர்வின் பார்க்கப் போனான். பாடிக்கொண்டுதான் கிடந்தாள். பயத்தில் மாரித்தாய்க்குப் போன் போட்டு, தேன்மொழியின் வாயருகே பிடித்தான்.

மறுமுனையில் மாரித்தாயும் கூடவே முணுமுணுத்தாள்.

"மூணாவதுதான்... இன்னும் ஒரு வரிதான் இருக்கு. எழுப்பிராதய்யா. எம்பிள்ள பாடி முடிக்கட்டும்."