இராயப்பர் நாற்காலி

பெரிய வியாழனன்று, ஏசு தன் சீடர்களுக்குச் செய்தது போல, எங்கள் கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார். பீடத்தின் மேல்படியில் கிடக்கும் முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது. மற்றதெல்லாம் கீழே. மேலே உட்காருகிறவரை அடுத்த தவக்காலம் வரை ஊரே ‘ராயப்பரே’ என்று கூப்பிடும். மீன் ஏலம் போடுகிற இடத்தில்கூட வழிவிடுவார்கள். சில வருடங்களாக அந்தப் பெயர் என் பள்ளித் தோழனிடம் இருந்தது. அவன் வள்ளத்தில் கடலுக்குப் போகிறவன். துறைமுகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அது பொறுக்கவில்லை.

புதிதாக வந்த சாமியாரிடம், “பாவம், அவனுக்கு மூட்டு போச்சு சாமி. படியேற மாட்டான்,” என்றேன். அவன் மூட்டில் ஒரு கோளாறும் கிடையாது. சாமியார் நம்பினார். நாற்காலி எனக்கு வந்தது. அவன் கீழே அடுத்த நாற்காலிக்குப் போனான்.

பெரிய வியாழன் மத்தியானம் குதிகாலைக் கல்லால் தேய்த்துக்கொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“சாமியாரு கழுவதுக்கு மிச்சம் வைப்பியளா?”

பூசையில் சாமியார் என் பாதத்தைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். பணிவான முகத்தைக் கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தேன், அதையே காட்டினேன். பிறகு அவர் துண்டை என் கையில் கொடுத்து, “அடுத்தவருக்கு நீங்க கழுவுங்க,” என்றார். ஒத்திகையில் இது இல்லை.

இறங்கி மண்டியிட்டேன். தோழன் காலை நீட்டினான். விரலிடுக்கெல்லாம் கடற்கரை மணல்.

“ஏலே, இடுக்குல நல்லா தேயி,” என்றான், உதடு அசையாமல். “மூட்டு போனவன், எனக்குக் குனிய முடியாதுல்லா?”

சாமியார் அவனிடமே நலம் விசாரித்துவிட்டார் போலும்.

தேய்த்தேன். முத்தமும் கொடுத்தேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை, என் முழங்கால் பூட்டிக்கொண்டது. அவன் என் கக்கத்தில் கைகொடுத்து, “ஐலசா” என்று முணுமுணுத்தபடி தூக்கி, மேல்படி வரை ஏற்றி, நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இறங்கிப் போனான்.

நான் மண்டியிட்ட படம் அன்றே வாட்ஸப்பில் சுற்றியது. ‘என்ன தாழ்மை!’ என்று எழுதினார்கள். ‘எல்லாம் ஆண்டவர் கிருபை’ என்று பதில் போட்டு, அதையே என் முகப்புப் படமாகவும் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மனது உறுத்தி, கடற்கரைக்குப் போய் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பின்னிக்கொண்டிருந்த வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“ராயப்பரு ஏசுவத் தெரியாதுன்னு மூணு பொய் சொன்னாரு. நீ சாமிகிட்டச் சொன்னது ஒண்ணு. செல்லுல போட்டுருக்கது ரெண்டு. இன்னொண்ணு பாக்கி கெடக்கு. அதுவர நாற்காலிய விட்டுறாத.”

“எனக்கு அந்த நாற்காலியே வேண்டாம்லே,” என்றேன்.

“மூணு,” என்றான்.