ஜீப்பில் பன்னிரண்டு பேர்

அன்றைக்குப் புதுச்சேரி உப்பளத்தில், எங்கள் கென்யா பயணக் குழுத் தலைவர் வீட்டு ஹாலில், வந்த கோபத்தில் டம்ளர் காபியைப் புடவையில் கொட்டிக்கொண்டேன்.

குழு என்றால் பெரிய சங்கமெல்லாம் இல்லை. கடற்கரைச் சாலையில் காலையில் நடக்கிறவர்களும் வீட்டு ஆட்களுமாகப் பதிமூன்று பேர். தான் வேலை பார்த்த ஆலை மூடிய பிறகு என் வீட்டுக்காரர் அவர்களோடு நடக்கப் போனவர். தலைவர் ரிட்டையரான ஹெட்மாஸ்டர். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுகிற மனிதர். நான் ஒருநாளும் அங்கே நடந்ததில்லை. விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, உழவர்கரையிலிருந்து தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு பஸ் பிடிக்க ஓடியதுதான் என் நடைப்பயிற்சி.

கம்பெனியில் எவர்சில்வர் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை. மூடி ஒட்டியதும் மேலே எழுத்து வெட்டிய தகட்டை வைத்து பெயின்ட் அடித்து 'மொம்பாசா' என்று ஊர்ப்பெயர் போட வேண்டும். இருபத்தாறு வருஷம் போட்டேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை சூப்பர்வைசரைக் கேட்டேன். "ஒனக்கெதுக்கும்மா அதெல்லாம், வேலையப் பாரு" என்றார். அட, என்ன திமிர்! அந்த ஊர் இருக்கிற நாட்டை ஒருநாள் என் கண்ணால் பார்த்தே தீருவது என்று அன்றைக்கே வைராக்கியம் வைத்தேன். அது கென்யா என்று பிறகுதான் தெரிந்தது. ஓய்வுபெற்றபோது வந்த கிராஜுவிட்டியில் எங்கள் இரண்டு பேருக்கும் பணம் கட்டியது நான்தான். அவர் இல்லை, நான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு வேன் வைத்துச் சென்னைக்குப் போய்வந்தோம். ஊசி போட்ட பிறகு எனக்கும் காய்ச்சல், அவருக்கும் காய்ச்சல். கஞ்சி வைத்தது யார் என்று கேட்கவே வேண்டாம்.

கென்யா ஓட்டல் சாப்பாடு நம் வயிற்றுக்கு ஒத்துவராது என்று சமையலறையோடு ஒரு வீட்டை வாடகைக்குப் பேசியிருந்தார்கள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம் எல்லாம் நானே செய்து தருவதாகச் சொன்னேன். ஆசையாகத்தான் செய்தேன், பொய் சொல்லக் கூடாது. அங்கே போனதும் ஆளுக்கொரு வேளை சமைத்துக்கொள்வோம் என்று நினைத்திருந்தேன். ஏமாந்த சோணகிரி!

அன்றைக்குக் கடைசிக் கூட்டம். ஹெட்மாஸ்டர் பட்டியலை வாசித்தார். மருந்துப் பெட்டி ஒருவர், போட்டோ ஒருவர். பிறகு மிருகங்களைப் பார்க்கப் போகிற ஜீப். இரண்டு ஜீப், ஒவ்வொன்றிலும் ஆறு பேர். பன்னிரண்டு பெயர் வாசித்து முடித்தார். என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. என் பெயர் வரவில்லை.

"சார், என் பேர விட்டுட்டீங்க."

"விடல தங்கச்சி. ஒங்க பேரு அடுத்த பக்கத்துல இருக்கு." தாளைப் புரட்டினார். "சமையல்."

"சமையலா?" என்றேன்.

"மூணு நாளும் காட்டுக்குப் போய்ட்டு வர சாயங்காலம் ஆயிடும். வந்ததும் சுடச்சுட சாம்பார் சோறு இருந்தா எப்டி இருக்கும்! ஒங்க வீட்டுக்காரரே மொதல்ல சொல்லிட்டாரு, சமையலுக்கு எங்க வீட்ல இருக்காங்கன்னு. அத நம்பித்தான் மூணாவது ஜீப் வேணாம்னுட்டேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஏங்க, என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? அந்த வெயிலு, தூசி, ஒனக்கு ஒத்துக்காதேன்னுதான்..."

"கம்பெனி தகரக் கொட்டாயில இருபத்தாறு வருஷம் ஒத்துக்கிச்சே, அப்ப எங்க போச்சு இந்தக் கரிசனம்?"

எங்கள் குழுவில் பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் மதாம் அம்மாள் ஒருவர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா, சங்கடமா என்று இன்றுவரை தெரியாது. ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

"குடும்பச் சண்டைய வீட்ல வெச்சுக்கலாமேம்மா."

"சோறு மட்டும் எல்லாருக்கும் பொதுவு, சண்ட மட்டும் எங்க குடும்பத்துதா? நல்லா இருக்கு சார் நியாயம்!"

எழுந்துபோய் ஹெட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த பேனாவை நானே எடுத்தேன். ஜீப் பட்டியலில் என் வீட்டுக்காரர் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். அடுத்த பக்கத்தில் 'சமையல்' என்பதற்குக் கீழே அவர் பெயரை எழுதினேன். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன்.

ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்தோம். கேட்டைத் திறக்கும்போது அவர் சொன்னார்: "ஒனக்கு இவ்ளோ ஆசைன்னு நீ சொல்லவே இல்லியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். என் பணத்தைக் கட்டினேன், ஊசி போட்டுக்கொண்டேன், காய்ச்சலில் கிடந்தேன். இதற்கு மேல் ஆசையை எப்படிச் சொல்வார்கள்? அவரோடு பேசப் பிடிக்காமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் எழுந்திருக்கவில்லை. சமையலறையில் டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"புளி எங்க வெச்சிருக்க?"

"முப்பத்திரண்டு வருஷமா வெக்கிற எடத்துலதான்."

மறுபடி டப்பாக்கள் உருண்டன. அவருக்கு அந்த இடம் தெரியவில்லை.