சந்தனம் தாங்கிய மை

கரமனையில் இசக்கிசெல்வியின் வீட்டு முன்னறைக்குள் முதன்முறை நுழைபவர்கள் சற்றுத் திடுக்கிடுவார்கள். கொடிக்கயிற்றில் அவளுடைய கணவர் வேலாயுதன் வரிசையாகத் தொங்குவார்: ஒரு தாளில் பச்சை முகம், அடுத்ததில் ரோஜா முகம், மூன்றாவதில் காமாலை கண்ட முகம். புது மை வாங்கினால் சோதித்துப் பார்க்க அவருடைய படந்தான் அகப்படும்.

"ஏட்டி, எனக்கு உடம்புக்கு ஏதாவதுன்னா இந்தப் படத்த டாக்டர்ட்ட காட்டிராத. நேரே ஐ.சி.யூ.ல போட்டிருவான்" என்பார் அவர்.

நாகர்கோவிலில் பிறந்த இசக்கிசெல்வி, வீட்டிலேயே போட்டோ பிரிண்டர் வைத்து, அக்கம்பக்கத்தாரின் விழாப் படங்களை அச்சிட்டுத் தருகிறாள். பிரிண்டர் கம்பெனியின் மையோ யானை விலை. ஆகவே பிற கம்பெனி மைகளைச் சிறு புட்டிகளில் வரவழைத்து, ஒவ்வொன்றுக்கும் மை நிரப்பும் தனித்தனி காட்ரிஜ் ஒதுக்கிச் சோதிப்பாள். அவளுடைய உரைகல், பொன் சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி. இந்த மலையாள ஊர் விழாக்களில் எல்லாரும் உடுத்துவது அதுதானே! அதன் இளமஞ்சள் வெண்மையில் இம்மியளவு நீலம் பாய்ந்தாலும் வேட்டியில் வேறு துணியின் சாயம் ஏறியதுபோல் ஆகிவிடும். மலிவு மைகளில் பல அங்கேயே தோற்றன.

சாலைக் கம்போளம் என்னும் கடைத்தெருவில் பப்பட மொத்த வியாபாரம் செய்யும் கோலப்பன் ஒருநாள் வந்தார். புதுக்கடை திறப்பு விழாவுக்கு, மறைந்த தம் தந்தையின் பெரிய படம் வேண்டுமாம்.

"படத்துக்குக் கண்ணாடி போடாத, கேட்டியா. கடை டியூப் லைட்டு அதுல அடிச்சா அப்பா மொகமே தெரியாது."

சாலை வியாபாரிகளின் வேலை கைக்கு வராதா என்று இசக்கிசெல்வி நெடுநாளாகக் காத்திருந்தாள். கோலப்பன் வாய் திறந்தால் கம்போளம் முழுவதும் கேட்கும். புகழ்ந்தாலும் அப்படி, ஏசினாலும் அப்படி.

இரண்டு மைகள் இறுதிவரை நின்றன. ஒன்று தண்ணீரில் கரைந்த சாயம். கசவுக் கரை பொன்னாகவே மின்னியது. மற்றது நுண்துகள் கலந்த பிக்மெண்ட் மை. நிறம் சரிதான், மினுமினுப்புத்தான் குறைவு. அவள் தயங்காமல் முன்னதைத் தேர்ந்து, படத்தை அச்சிட்டும் முடித்தாள்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, வேலாயுதன் கோயிலிலிருந்து இலைத்துண்டில் ஈரச் சந்தனத்துடன் வந்தார். கொடியில் தொங்கிய தம் முகங்களைப் பார்த்தார்.

"நாளைக்குக் கோலப்பன் அப்பாவுக்குப் பொட்டு வைப்பாங்க. நான் மட்டும் வெறும் நெத்தியோட நிக்கணுமா?"

வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனார். அவள் தேர்ந்த அதே சாய மையில் அச்சான முதல் வேலாயுதனின் நெற்றி ஊதாவாகக் கரைந்து மூக்குவரை வழிந்தது.

"ஐயோ, நிறுத்துங்க!" என்று ஓடிவந்தாள் இசக்கிசெல்வி. கசவைப் பார்த்தாளே தவிர, ஈரச் சந்தனத்தை அவள் எண்ணிப் பார்க்கவேயில்லை. கண்ணாடியும் இல்லை, நாளைக்கு ஊர் கூடியிருக்கையில் கோலப்பன் தந்தையின் முகமும் இப்படித்தான் வழியும்.

பிக்மெண்ட் வேலாயுதன்மீது தானே ஒரு பொட்டை அழுத்தி வைத்து, ஈரத்துணியால் துடைத்தாள். அவர் அசையாமல் சிரித்துக்கொண்டிருந்தார். உடனே காட்ரிஜை மாற்றி, பிரிண்டரின் தலையைச் சுத்தம் செய்து, படத்தைப் புதிதாக அச்சிட்டாள்.

மறுநாள் விழாவில் கோலப்பன் படத்தின்மேல் சந்தனத்தைக் கஞ்சமின்றி அள்ளி வைத்தார். அது நெற்றியில் நில்லாமல் மூக்கின்மேல் சரிந்தது. இசக்கிசெல்வி கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்த்தாள். கோலப்பன் ஈர விரலால் வழித்தெடுத்தார். தந்தையின் மூக்கு இருந்த இடத்திலேயே இருந்தது.

சற்று விலகி நின்று பார்த்தார் கோலப்பன். "செல்வி, மொகத்துல ஒரு மினுக்கம் கொறவுதான், கேட்டியா."

"காலம் முழுக்கப் பப்பட மாவு பட்ட மொகத்துல மினுக்கம் எங்கண்ணே இருக்கும்?"

கோலப்பன் கடை அதிரச் சிரித்தார். "உள்ளதுதான்! அப்பா இப்படித்தான் இருப்பாரு!" என்றவர், எதிர்க்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஸ்ரீகுமாரே, உங்க அச்சன் போட்டோவ இவள்ட்ட குடும்!"

பிக்மெண்ட் மையைச் சும்மா விட்டால் உறைந்து அடைத்துக்கொள்ளும். அடிக்கடி ஏதேனும் அச்சிட்டாக வேண்டும். ஆகவே வேலாயுதன் இன்றும் கொடியில் தொங்குகிறார், நெற்றியில் சந்தனத்துடன்.